நெரியா நூலை வெளியே விட்ட கதை

பெருமைக்குத்தான் செய்தான் என்கிறாள் நம் தெருப் பூலோர். ஆமாம், பெருமைக்குத்தான். இல்லையென்று நான் எப்போது சொன்னேன்? ஆனால் தன்னை மகான் என்று ஊர் கும்பிடட்டும் என்று வேஷம் கட்டினான் என்கிறாளே, அதை மட்டும் ஒப்பமாட்டேன். அவள் அங்கே இருந்தாளா? நான் இருந்தேன். சோவியத் காலத்தில், சமர்கந்து சந்தை முனையில் சர்க்கார் முடிவெட்டும் கடையில் பதினோரு வருஷம் தரை பெருக்கியவள் நான். எழுதிக்கொள், ஒன்றையும் விடாதே.

நெரியா மூன்றாவது நாற்காலிக்காரன். நம் யூதத் தெருதான். மூன்று பெண் பிள்ளைகள். சனிக்கிழமை நமக்கு ஓய்வுநாள், கத்தியைத் தொடமாட்டான். அன்றைக்குப் பக்கத்து நாற்காலி ஷரீஃப் சேர்த்துப் பார்ப்பான், ஞாயிற்றுக்கிழமை இவன் அவனுக்குப் பார்ப்பான். தலையில் குல்லா உண்டு. சமர்கந்தில் கழுதையைத் தவிர எல்லோருக்கும் குல்லா உண்டு, அதை வைத்து யூதன் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அடையாளம் என்றால் சட்டைக்குள் போட்டிருந்த நாலு மூலைத் துணிதான். மூலைக்கு ஒரு கொத்து வெள்ளை நூல், வேதத்தில் சொன்னபடி முடிச்சுப் போட்டது. இருபது வருஷமாக அதைக் கால்சட்டைக்குள் செருகியே வைத்திருந்தான். போடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். பாதிப்பேர் போடுவதே இல்லை, அது வேறு பேச்சு.

ஒரு கோடையில், குனிந்து யாருக்கோ தாடை மழித்துக்கொண்டிருந்தபோது ஒரு கொத்து வெளியே வந்து தொங்கியது. ஷரீஃப் பார்த்துவிட்டான். நல்லவன், உபகாரி. “அண்ணே, சட்டை நூல் பிரியுது, ஆடாம நில்லுங்க” என்று சொல்லி, கையிலிருந்த கத்தரியால் முடிச்சோடு வெட்டிவிட்டான். அது தரையில் முடியோடு முடியாக விழுந்தது. நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன்.

நெரியா கத்தவில்லை. அடுத்த கன்னத்தையும் மழித்து முடித்தான். பிறகு பின்னறைக்குப் போய்த் துணியைக் கழற்றி மடித்தான். ஒரு மூலையில் நூல் போனால் அதைப் போடக் கூடாது. விஷயம் தெரிந்ததும் ஷரீஃப் அன்று முழுவதும் டீயே குடிக்கவில்லை.

மறுநாள் நெரியா புது நூல் கட்டிக்கொண்டு வந்தான். நாலு கொத்தும் சட்டைக்கு வெளியே, கிட்டத்தட்ட முழங்கால் வரை. என்னப்பா இது என்று கேட்டேன்.

“அவன்மேல தப்பு இல்லக்கா. பன்னெண்டு வருஷமா பக்கத்துல நிக்கிறான். நானே ஒளிச்சு வெச்சதை அவன் எப்படி மதிப்பான்?”

ஜெபக்கூடத்துப் பெரியவர்கள் வீட்டுக்கே வந்து, உனக்குப் பெருமை, தெருவுக்கு வம்பு என்று சொல்லிப் பார்த்தார்கள். பூலோரின் புருஷனும் அவர்களில் ஒருவன். நெரியாவின் பெண்டாட்டி சுலாய், வெளியே விடுவதென்றால் அழுக்காக விடாதே என்று மட்டும் சொன்னாள். தினமும் வெளுத்துத் தந்தாள். கடையிலோ அவன் நாற்காலிக்கு வரிசை கூடிவிட்டது. ஆண்டவனுக்குப் பயந்தவன் கழுத்தில் கத்தி வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார் ஒரு தாஜிக் கிழவர். தூங்கவும் செய்தார்.

ஒரு வியாழக்கிழமை கட்சி அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள் என்று சேதி வந்தது. சாமி அடையாளம் எதுவும் கட்சிக்காரர்களுக்கு ஆகாது. மேனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“நெரியா, உள்ள செருகிக்கோ. ஒரு மணி நேரம்தான். அவங்க போனதும் எடுத்து விட்டுக்கோ. இல்லேன்னா இந்த நாற்காலி உனக்கில்ல.”

நானும் செருகு என்றுதான் கண்ணைக் காட்டினேன். மூன்று பெண் பிள்ளைகள், வேலையில்லாதவனைச் சர்க்கார் சும்மா விடாது. பொய் சொல்லமாட்டேன்.

“செருகலாம் சார்” என்றான் நெரியா. “அவங்க போனதும் எடுத்து விட்டா, அதுக்குப் பேருதான் வேஷம்.”

நாற்காலியில் இருந்தவருக்குப் பிடரியை முடித்தான். கத்தியைக் கழுவித் துடைத்து உறையில் போட்டான். கடை மேலங்கியைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தான். வேலைக்காரர்கள் எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் போவோம். அவன் நாலு கொத்தும் வெளியே தொங்க முன்வாசலுக்கு நடந்தான். வெளியே காரிலிருந்து சோதனைக்காரர்கள் மூன்று பேர் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நெரியா அவர்களுக்கு சலாம் சொன்னான். அவர்களும் பதில் சலாம் சொல்லி வழிவிட்டார்கள்.