மாமி வீட்டில் ஆறு மணி

அது நடந்த நாளை என்னால் சரியாகச் சொல்ல முடியும். அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற நாள். ஆண்டை மட்டும் விட்டுவிடுகிறேன். மாமியின் மகளுக்குக் கலியாணம் பேசிய ஆண்டு அது. சொன்னால் நாங்கள் இருந்த மோர்டனில் பாதிப்பேர் கணக்குப் போட்டுப் பிடித்துவிடுவார்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. மாமி அப்பாவின் சொந்த அக்கா. அவருடைய வீட்டின் மேல்மாடியில் ஒரு சின்ன அறையில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா ஊரில் இருக்கிறார் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. யுத்தம் முடிந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்பதைப் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அம்மா பொட்டு வைத்தார், தாலி போட்டிருந்தார். அப்பாவின் கைமணிக்கூட்டைத் தன் மெலிந்த கையில் கட்டியிருந்தார்.

மாமி வீட்டில் சாமி விளக்கு ஏற்றுவது ஆறு மணிக்கு. ஊரில் ஆறு மணிக்குப் பொழுதுபடும், ஆகவே இங்கும் ஆறு. ஜூன் மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு வெயில் காயும்போதும் ஆறு. டிசம்பரில் இருட்டி வெகுநேரமான பிறகும் ஆறு. சூரியன்தான் மாமியை அனுசரித்துப் போகவேண்டியிருந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னதாக அம்மா என் ஜாக்கெட்டை எடுப்பார்.

"வா, காத்து வாங்கிக்கொண்டு வருவம்."

மழை என்றாலும் போவோம். பூங்கா வேலியோரம் ஒரு பெஞ்ச். இலை உதிர்கிற அந்தக் கிழமைகளில் மட்டும் மாமியின் ஆறு மணியும் வானத்தின் அந்தியும் ஒன்றாக வந்தன. பஸ்களுக்குள் விளக்கு எரியத் தொடங்கும். நாய்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் போய்விடுவார்கள். நகரத்தின் இரைச்சல் எங்கோ தள்ளிப்போய் நிற்கும். வீட்டில் வாய் திறக்காத அம்மா அங்கே பேசுவார், சில வேளை சிரிப்பார். ஹவுன்ஸ்லோ பக்கம் விமானங்கள் இறங்குவதைக் காட்டி, "அப்பா வாறதெண்டால் அதாலதான் வருவார்" என்பார். மாமியின் மகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லையே, விளக்கடியில் நிற்கவேண்டியிருக்கிறதே என்று நான் பரிதாபப்பட்டேன்.

அந்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்ததால் பகல் முழுக்க மேலேயே இருந்தோம். மாமா காலையில் வீட்டு மணிக்கூடுகளையெல்லாம் திருப்பிவிட்டார். அம்மாவிடம் சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை. வழக்கம்போல வெளியே போனோம். அம்மாவின் மணிக்கூட்டில் நேற்று மங்கிய அதே நேரத்துக்கு இன்றும் வானம் மங்கியது. சந்தேகப்பட ஒன்றும் இல்லை. வீடு மட்டும்தான் மாறியிருந்தது.

அம்மாவின் மணிக்கூடு ஏழு காட்டியபோது திரும்பி வந்து கதவைத் திறந்தோம். உள்நடையில் மாமி நின்றார், புதுச்சேலை, கையில் தீப்பெட்டி.

"என்ன நீர் இப்ப வந்து நிக்கிறீர்?"

"ஏழாச்சுத்தானே மச்சாள்?"

"ஆறு! மணி மாத்தினது தெரியாதே? விளக்கு இன்னும் ஏத்தேல்லை. அவையள் எல்லாரும் உள்ளுக்கு இருக்கினம்."

அம்மா வாசற்படியில் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். முன் அறையிலிருந்து ஒரு பெண்குரல், "ஆர் வந்தது?" என்று கேட்டது.

"அது மேல வாடகைக்கு இருக்கிற பிள்ளை," என்று மாமி உள்பக்கம் திரும்பிச் சொன்னார். "பாவம், மனுசன் செத்துப்போச்சு."

"ஐயோ! சின்ன வயசே?"

"ஓம்," என்றார் மாமி. பிறகு தீப்பெட்டியைக் கைமாற்றிக்கொண்டு, "சின்ன வயசுதான்."

நாங்கள் மறுபடி வெளியே வந்தோம். ஒரே நாளில் இரண்டு தரம் பூங்கா! நான் துள்ளிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

விளக்கு ஏற்றும் நேரத்தில் கணவனை இழந்தவள் எதிரே நிற்கக்கூடாது என்பது மாமியின் ஆசாரம். அது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின. தினமும் ஆறு மணிக்கு அந்த வீட்டில் அப்பா இறந்துகொண்டிருந்தார். சாகடித்தவர் கூடப் பிறந்த அக்கா. அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் 'செத்துப்போச்சு' என்ற சொல் மாமியின் வாயிலிருந்து வந்துவிடும் என்று, அது வருமுன்னே ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவ்வளவு கவனமாக இருந்தவரை ஒரு மணிக்கூடு காட்டிக்கொடுத்துவிட்டது.

பெஞ்ச் இப்போது இருட்டிக் கிடந்தது. அம்மா மணிக்கூட்டைக் கழற்றி மடியில் வைத்து முள்ளைப் பின்னுக்குத் திருப்பினார். சரியான நேரத்தில் வைக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"அம்மா, எங்கட வீட்டில வாடகைக்கு ஆரோ அன்ரி வந்திருக்கிறாவே? அவவின்ர அவர் செத்துப்போனாராம்."

"ம்."

"உங்களுக்கு அவரைத் தெரியுமோ?"

அம்மா மணிக்கூட்டைக் கையில் கட்டினார்.

"பாவம் என்ன, அந்த அன்ரி?" என்றேன்.

"ஓம். பாவம்."

தலைக்கு மேலால் ஒரு விமானம் விளக்குகளுடன் ஹவுன்ஸ்லோ பக்கம் இறங்கியது. நான் கையை நீட்டிக் காட்டினேன். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. கழுத்து நோகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.