தூக்குக்குண்டு பார்த்த முதுகு

டாக்டர் அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா. நான். என் மனைவி. ஏழாவது படிக்கும் என் மகள். பூவத்திலிருந்து வந்த மச்சான். அவனை யாரும் கூப்பிடவில்லை. அரிசிப் பையில் மகளின் பெல்ட்.

பெல்ட் என்பது பேச்சுக்குத்தான். அக்குளிலிருந்து இடுப்பு வரை கெட்டி பிளாஸ்டிக் கூடு. போன எக்ஸ்ரேயில் மகளின் முதுகெலும்பு முப்பத்திரண்டு டிகிரி வளைந்திருந்தது. வளர்ச்சி நிற்கும் வரை தினம் பதினெட்டு மணி நேரம் போட வேண்டும். வளைவு ஏறாமல் நின்றாலே போதும், நாற்பத்தைந்து தாண்டினால் ஆபரேஷன் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார்.

நான் கொத்தனார். கோணல் எனக்குத் தெரியாததா. மனைவி தன் தங்கச்சி பிரசவத்துக்குப் பிறந்த ஊரான பூவம் போய் ஒரு மாதம் தங்கினாள். போன மறுநாளே மகளை நிற்கவைத்துக் சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குக்குண்டை நூலோடு கழுத்திலிருந்து விட்டேன். நூல் நடு முதுகில் நேராக நின்றது. மறுபடி விட்டேன். அப்படியே நின்றது. சரியாகிவிட்டது, கழற்று என்றேன். அதை மட்டும் அவளுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மனைவி திரும்பி வந்தபோது பெல்ட்டுக்குள் வெங்காயம் இருந்தது. நான்தான் கொட்டி வைத்தேன். காற்றோட்டமாக இருந்தது.

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னது மனைவி.

"எங்கப்பா பாஸ் போட்டுட்டாங்க" என்றாள் மகள்.

டாக்டரம்மா திட்டவில்லை. தானும் குண்டு விட்டுப் பார்ப்பதுண்டு என்றார். பிறகு கேட்டார். "மேலயும் கீழயும் நேரா இருக்கும், நடுவுல வயிறு தள்ளியிருக்கும். அந்த மாதிரி சுவரு நீங்க பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். அப்படிக் கட்டினவனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன்.

மச்சான் மெதுவாக வாயைத் திறந்தான். "அத்தான், எங்க வீட்டுக்கு நடுவுல பாத்தீங்களா?"

அவன் வீடு நான் கட்டியது.

எக்ஸ்ரே எடுக்க மகளைக் கூப்பிட்டார்கள். வாசலில் நின்று திரும்பினாள். "ஏறியிருந்தா என்னய இடிச்சுட்டுக் கட்டுவாங்களாப்பா?"

சிரிக்கத்தான் கேட்டாள். நான் பெல்ட்டைப் பையிலிருந்து எடுத்து, ஒட்டியிருந்த வெங்காயத் தோலைத் தட்டினேன்.

படம் வந்தது. டாக்டரம்மா மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டுக் கோணம் அளந்தார். நான் அதைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கொத்து வேலை. நடுவிலும் நேராக இருந்தது.

டாக்டரம்மா சொன்னார்.

முப்பத்திரண்டு.