கல்யாணப் பந்தியில் அப்பா எழுந்து போன பாட்டு

எங்கள் அப்பா ரங்கூனின் அலோன் பகுதியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, போட்டாதாங் துறைமுகக் கிடங்குகளில் மூட்டை தூக்கித் தங்கைகளைக் கரையேற்றினார். பிறகு அங்கேயே மேஸ்திரியானார். கோபமே வராத மனிதர். கோயில் பஜனையில் கையைத் தட்டுவாரே தவிர வாயைத் திறக்கமாட்டார். "உங்கப்பாவுக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்" என்று அம்மா கேலி செய்வார்.

அப்படிப்பட்டவர் அக்காவின் கல்யாணப் பந்தியில் எழுந்து போனார். அக்கா மணந்தது பர்மியரை. ரங்கூன் கல்யாணங்களில் தவறாமல் போடும் ஒரு பழைய பர்மியக் காதல் பாட்டு ஒலிபெருக்கியில் வந்ததும், அப்பா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு வெளியேறிவிட்டார். மருமகனைப் பிடிக்கவில்லை என்றே அக்கா நினைத்தார். அந்த நினைப்பு அப்பாவின் கடைசி நாள்வரை அக்காவை அரித்தது.

சென்ற ஆண்டு, காலையில் எங்களோடு தேநீர் குடித்த அப்பா நண்பகலில் இல்லை. மாரடைப்பு. துக்க வீட்டுக்கு ஊ தாங் என்ற பர்மியப் பெரியவர் வந்தார். நாங்கள் பார்த்தறியாதவர். அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி அதே பாட்டை முணுமுணுத்தார். அக்காவுக்கு வந்ததே கோபம்!

"அந்தப் பாட்டு வேணாங்க. எங்கப்பாவுக்குப் பிடிக்காது."

தமிழர் தெருவில் வளர்ந்த அவர் தமிழிலேயே சொன்னார்: "என்னம்மா சொல்ற? கேசட்டுல பாடுறதே உங்கப்பாதானே! நான் கிட்டார்."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கப்பலில் வந்த கறுப்பின மாலுமி ஒருவர் கொடுத்த அமெரிக்க இசைத்தட்டில் இருந்த 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' பாட்டாம் அது. அதன் மெட்டுக்கு அப்பாவே பர்மிய வரிகள் எழுதிப் பாடியிருக்கிறார். கேசட் வெளிவந்தபோது அட்டையில் வேறொருவர் பெயர், வேறொருவர் படம்.

"இந்தியன் மூஞ்சியப் போட்டா விக்காதுன்னுட்டாங்க. உங்கப்பா சண்டை போடல. அதோட பாடுறத விட்டுட்டாரு."

அம்மாவுக்கே தெரியாது! ஊரே கேட்ட குரல், மூட்டை மேட்டில் கத்திக் கத்திக் கரகரத்துப் போன பிறகுதான் எங்களுக்குப் பழக்கம்.

"அப்போ, இவரைப் பிடிக்காம எழுந்து போகலையா?" என்று அத்தானைக் காட்டி அக்கா கேட்டார்.

"சொந்தக் குரலக் கேட்டுக்கிட்டு, யாரோ மாதிரி உக்காந்து சோறு திங்க முடியுமாம்மா?"

அக்கா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார்.

அப்பாவைச் சுமந்த துறைமுகத் தோழர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், வாய் திறந்த ஊ தாங் அவர்களுக்கும் எங்கள் நன்றி. உறவினர்களே, உங்களிடம் இன்னும் ஓர் உதவி கேட்கிறோம். இனி எந்தக் கல்யாணத்தில் அந்தப் பாட்டைப் போட்டாலும், பாடுவது எங்கள் அப்பா என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லுங்கள்.