கப்பல்களை எழுதாத நோட்டு

கலங்கரை விளக்கமும் ஒரு சோதனைச் சாவடிதான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அப்பா லாரி ஓட்டுநர். எங்கள் ஊர் மோகனூரைத் தாண்டினால் ஏதாவது ஒரு சாவடியில் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். கப்பலையும் யாராவது குறிக்கத்தானே வேண்டும்?

மாமா வேலை பார்த்த சரக்குக் கப்பல் புயலில் மூழ்கிவிட்டதாகக் கடிதம் வந்திருந்தது. உடல் கிடைக்கவில்லை. காரியத்தை முடித்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். அத்தை தாலியைக் கழற்ற மறுத்தார். புயலுக்கு மறுநாள் அந்தக் கப்பலை யாராவது பார்த்தார்களா என்று தெரிய வேண்டும் என்றார். அப்பா அத்தையையும் சிறு பிள்ளையாயிருந்த என்னையும் லாரியிலேயே கிழக்குக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்.

கலங்கரை விளக்கத்தின் வாசல் மேசையில், பார்க்க வருகிறவர்களுக்காக வைத்திருந்த நோட்டில் பெயரும் ஊரும் எழுதினோம். என் பெயரை நானே எழுதினேன். விளக்குக்குப் பொறுப்பான பெரியவர் மேலே கூட்டிப்போனார். வெள்ளைக்காரர் காலத்துக் கருங்கல் கோபுரம். காற்று மோதி விலகிப் போக வட்டமாகக் கட்டியது. உச்சியில் ஆளுயரக் கண்ணாடிக் கூண்டு. அதன் பட்டைகள் சிறிய விளக்கின் ஒளியைத் திரட்டிக் கடலுக்கு அனுப்பும். முன்பு எண்ணெய்த் திரி, இப்போது மின்விளக்கு. அவ்வளவு கனமான கூண்டு பாதரசத்தில் மிதந்தது. நான் விரலால் தள்ளியதும் நகர்ந்தது. ஒவ்வொரு ஊர் விளக்கும் ஒவ்வோர் இடைவெளியில் மின்னுமாம். அதை எண்ணித்தான் மாலுமி கரையை அடையாளம் காண்பானாம்.

கீழே இறங்கியதும் அத்தை ஒரு சீட்டை நீட்டினார். கப்பலின் பெயரும் தேதியும் அதில் இருந்தன.

"ஏனுங்க, அன்னைக்கு இந்தப் பக்கம் போச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

"நாங்க வெளிச்சம் காட்டுறதோட சரிம்மா. யார் போறாங்கன்னு எழுதுறதில்ல."

"எழுதாம எப்படீங்க உடுவாங்க? நல்லாப் பாருங்க."

அத்தை நகரவில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் மேசை நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டி, ஓரிடத்தில் விரல் வைத்தார்.

"வரலம்மா. அந்தக் கப்பல் வரவேயில்ல."

அத்தை தரையில் உட்கார்ந்தார். கடிதம் வந்த நாளிலிருந்து அழாதவர், அன்றுதான் வாய்விட்டு அழுதார்.

நான் அவர் தோளைத் தொட்டேன். "அளுவாதீங்க அத்தை. அது நாம பேரு எழுதுன நோட்டுங்க. அதுல கப்பலே இல்லீங்க."

அழுகை சட்டென்று நின்றது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பாத்தியா சாமி," என்று என் தலையைத் தடவினார்.

அந்தத் தாலியை அவர் இன்றுவரை கழற்றவில்லை. நானோ, அழுத அத்தையைத் தேற்றிவிட்ட பெருமையோடு ஊர் வந்து சேர்ந்தேன்.