தூங்கு தேன் கிடைக்குமா?

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது ஆறு பேரை. பெற்றது நாலு, கொழுந்தன் போன பிறகு வந்து சேர்ந்தது இரண்டு. ஆறு பேரில் ஒருவர்கூட ‘உனக்கு ஒண்ணும் தெரியாது’ என்று என்னிடம் சொன்னதில்லை. போன வாரம் ஒரு போன் சொல்லிவிட்டது.

அது எழுதியதை என் வலைப்பக்கத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்ததோடு விட்டீர்களா? தேன் வியாபாரம் எப்போது ஆரம்பித்தீர்கள், மலைத்தேனா கொம்புத்தேனா என்று வரிசையாகக் கேட்டும் வைத்தீர்கள்.

நடந்தது இதுதான். வழக்கமாக நான் சொல்லச் சொல்ல என் மருமகள் பேச்சி டைப் அடிப்பாள். போன வாரம் அவள் கரிவலத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமைப் பதிவு தவறக் கூடாதே... என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போனில் மைக் படத்தை அமுக்கினால் நாம் பேசுவதை அதுவே எழுதிக்கொள்ளும் என்று அவள் எப்போதோ காட்டித் தந்திருந்தாள். அமுக்கினேன். பேசினேன்.

அவள் இல்லாத மத்தியானத்தில் நான் போனோடு படும் பாட்டைத்தான் சொன்னேன். ‘சாப்பிட்டுட்டுத் தூங்குதேன், முழிச்சதும் போனைத் தேடுதேன்’ என்று நம்மூர்ப் பேச்சில் சொன்னேன். போனுக்குச் சங்கரன்கோவில் பேச்சு தெரியுமா? ‘தூங்கு தேன்’ என்று எழுதியது. அடுத்து ‘தேடு தேன்’. அதற்குக் கீழே ‘தள்ளு தேன்’, ‘பேசு தேன்’...

நான் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். பஸ் போர்டுக்கு அது போதும். ஒரு பக்கத்துக்குப் போதாது. முதல் வரியை மட்டும் வாசித்துவிட்டு, எல்லாம் சரி என்று வெளியே விட்டுவிட்டேன்.

என் மகனுக்கு நாலைந்து விசைத்தறி ஓடுகிறது. நூல் வாங்கப் போன இடத்தில் ஒரு அண்ணாச்சி அவனைப் பிடித்துக்கொண்டாராம். “அந்தப் பேசு தேனை மட்டும் எம் பெஞ்சாதி கண்ணுல காட்டிராதடே. ஏற்கெனவே தாங்க முடியல.”

வந்தவன் செருப்பைக் கழற்றவில்லை. “எம்மா, அந்தப் பக்கத்தையே மொத்தமா அழிச்சிரு. இந்த வயசுல ஒனக்கு எதுக்கு இது?”

வேறு எந்த வயதில் எழுதுவதாம்? தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டு, ஆறு வாய்க்குச் சோறு வடித்துக்கொண்டிருந்த வயதிலா?

அழித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இதை எழுத ஆரம்பிக்கும் முன் எங்கள் மத்தியானம் எப்படிப் போனது? முன் அறையில் ஒரு போனோடு நான். பின் அறையில் ஒரு போனோடு பேச்சி. ஆடு குட்டி போடுவதைப் பார்ப்பேன். எந்த ஊர்க்காரியோ கம்பளம் கழுவுவதைப் பார்ப்பேன். அவள் கழுவி முடிக்கும் முன்னே தள்ளிவிடுவேன். அடுத்தது, அதற்கடுத்தது... எதிலும் மனம் நிற்காது. எழுந்தால் பார்த்ததில் ஒன்றுகூட ஞாபகம் இருக்காது. ஒருநாள் சுவரில் தொங்கிய காலண்டரைக் கட்டைவிரலால் மேலே தள்ளினேன். அது நகரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

பேச்சிக்கு நாற்பத்தாறு வயது. பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். மத்தியானம் பூராவும் சேலை லைவ் பார்ப்பாள். ஒன்றும் வாங்க மாட்டாள்.

ஒருநாள் கரண்ட் போனது. டவரும் போனது. இரண்டு பேரும் ஹாலுக்கு வந்து, பஸ் வராத ஸ்டாண்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். இருப்புக் கொள்ளாமல் நான்தான் ஆரம்பித்தேன். திருவேங்கடம் ஊருக்குப் பெண் பார்க்கப் போனவர்கள், வீடு மாறி உட்கார்ந்து பஜ்ஜி வரைக்கும் சாப்பிட்டு வந்த கதை. பேச்சி சிரித்து முடித்துவிட்டு, “அத்தை, இதை ஒரு வலைப்பூவுல போடுவோமா?” என்றாள்.

“பூவா? நம்மூர்ல பூவுக்கா பஞ்சம்?” என்றேன்.

அன்றிலிருந்து இரண்டு போனும் ஒரே அறையில். நான் ‘சொல்லுதேன்’ என்றால் அவள் ‘சொல்கிறேன்’ என்று அடிப்பாள். அடிக்கட்டும். ஆனால் கதையில் யாராவது வாய் திறந்தால், அந்தப் பேச்சில் அவள் கை வைக்கக் கூடாது. அது எங்கள் ஒப்பந்தம்.

அதைத்தான் மகன் அழிக்கச் சொல்கிறான்.

சாயங்காலம் பேச்சி வந்தாள். பக்கத்தில் அவன் நின்றான். அவளுக்கும் மனசில்லை. அழிக்கும் பட்டன் வரை விரலைக் கொண்டுபோனவள், ஒரு நிமிஷம் என்று சொல்லி நீங்கள் எழுதியிருந்ததை எல்லாம் சத்தமாக வாசித்தாள். எல்லாம் கேலிதான். ஒன்றைத் தவிர.

கடையநல்லூரிலிருந்து ஒரு பெண். புருஷன் வளைகுடாவில். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். “ஆச்சி, அந்தத் தூங்கு தேன் நெசமாவே இருக்கா? ராத்திரி பூரா போனைத் தள்ளிக்கிட்டே கெடக்கேன். விடியக்காலம் சுபுஹு பாங்கு சொல்லும்போதுதான் கண்ணு அசருது. இருந்தா ஒரு பாட்டில் வேணும்.”

யாரும் சிரிக்கவில்லை.

“இப்போ அழி பாப்போம்” என்றேன் மகனிடம்.

அவன் தறிக்குக் கிளம்பிவிட்டான். வாசலில் நின்று, “அவங்களுக்குப் பதிலையாவது பேச்சி அடிக்கட்டும்” என்றான்.

பேச்சி அடித்தாள், நான் சொன்ன மாதிரியே. “மக்கா, தேன் இல்ல. தூக்கத்துக்கு மருந்தும் எனக்குத் தெரியாது. ஆனா நீ தள்ளுத அதே போன்லதான் மைக் படம் இருக்கு. அதை அமுக்கி, இன்னைக்கு ஒன் வீட்டுல நடந்தது ஏதாவது ஒண்ணைச் சொல்லு. யாரு கேக்காட்டியும் நான் கேப்பேன்.”

என்ன பெரிய புத்திமதி? எனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கட்டும் என்று ஒரு ஆசை, அவ்வளவுதான். இரண்டு நாள் பதில் இல்லை. தள்ளிவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அடிக்கடி போனை எடுத்துப் பார்த்தேன் – ஆடு, கம்பளம் எதையும் பார்க்காமல்.

நேற்று வந்தது. “அவர் அனுப்புன சோப்பு நெறைய கெடக்கு. குளிக்க எடுக்க மனசு வரல. சேலைக்கு நடுவுல அடுக்கு தேன். அப்பப்போ பீரோவைத் தெறந்து மோந்து பாத்துட்டு மூடு தேன்.”

நாலு வரியில் இரண்டு தேன். தூங்கினாயா என்று நான் கேட்கவில்லை. இதைத் திருத்தி அனுப்பவா என்று பேச்சி கேட்டாள். தொடாதே என்றேன்.

இந்த வாரத்துக்கு நான் சொன்ன இதை மட்டும் திருத்தி அடித்துவிட்டாள். காலேஜ் லீவில் வந்திருக்கும் பேத்தியிடம் இப்போது போனை நீட்டியிருக்கிறேன்.

“ஏட்டி, மொதல்லேருந்து வாசி. எங்கனயாவது ஒரு சொட்டுத் தேன் வடிஞ்சிருந்தா... தொடைச்சிராத.”