கூடப் போனவர்களின் சொல்

புகையில் வாட்டிய மீனும் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயும் கலந்து மணக்கும் ஒரு ரஷ்யக் கடை, ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் தெருமுனையில் இருக்கிறது. போன கிழமை அங்கே வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற கிழவர் தன் நண்பரின் முதுகில் தட்டி, பாதி கேலியாக, "தவாரிஷ்!" என்றார். இருவரும் சிரித்தார்கள். நான் என்ன வாங்க வந்தேன் என்பது மறந்துபோயிற்று.

அந்தச் சொல் என்னிடம் வந்து சேர்ந்தது மொஸ்கோ விமான நிலையத்தின் குளிர்ந்த தரையில், என் எட்டு வயதில். கிழக்குப் பெர்லினுக்குப் போகும் விமானத்துக்காக அம்மா, அப்பா, நான், எங்களைக் காசு வாங்கிக் கடத்திவிட்ட அதே ஏஜென்சிக்காரன் அனுப்பிய ரகு மாமா என்று நால்வரும் காத்துக் கிடந்தோம். மாமா என்றுதான் பெயர், மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. சீருடைக்காரர்கள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிடுவதைக் காட்டி, "அது எங்கட தோழர்தான், ரஷ்யனிலை," என்று என் காதுக்குள் சொன்னவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

ஊரில் அப்போது ஆயுதம் ஏந்திய ஓர் இயக்கம் மற்ற இயக்கங்களை வேட்டையாடிக்கொண்டிருந்தது. தங்களுக்குள் "தோழர்" என்று அழைத்துக்கொண்ட அந்த மற்ற இயக்கங்களின் பெடியள் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார்கள். ஒருவர் எங்கே இருந்தவர் என்று தெரிய அந்த ஒரு சொல் போதும். எசனில் எங்களைக் கொண்டுவந்து விட்ட "ஹைம்" என்ற அகதி விடுதியிலும் அந்தப் பயம் கூடவே வந்து குடியிருந்தது. ஒரே குசினியில் சமைத்தவர்கள் எல்லாரும் எல்லாருக்கும் "அண்ணை"; எந்த இயக்கம் என்று ஒருவரும் கேட்பதில்லை. "இஞ்சை தும்மினால் ஊரிலை கேக்கும்," என்பார் அப்பா. ஊரில் ரகு மாமாவுக்கென்று இருந்தது ஒரு தம்பி மட்டும். ஆகவே அவர் அந்தச் சொல்லை ரஷ்யனுக்குள் ஒளித்து, என்னோடு மட்டும் புழங்கினார்.

"தவாரிஷ், காலிலை சப்பாத்தைக் கட்டும்."

"ஏலாது தவாரிஷ், கை விறைக்குது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினியில் தாச்சியில் கொதித்த எண்ணெய் தீப்பிடித்தது. பக்கத்தில் நின்ற சிவா அண்ணையின் கைக்குத் தீ தாவுமுன், ரகு மாமா அவரை இடித்துத் தள்ளி, மூடியால் தீயை அமத்தினார். "தள்ளுங்கோ தோழர்!" என்று கத்திக்கொண்டே.

தீ அணைந்தது.

"எவடத்துத் தோழர் நீர்?" என்றார் சிவா அண்ணை. அவருடைய தமையன் வேட்டையாடுகிற பக்கத்தில் இருந்தது விடுதிக்கே தெரியும்.

"சின்னப்பிள்ளையோட பகிடி விட்டு விட்டு, வாயிலை வந்திட்டுது அண்ணை."

"பகிடி எண்டால் நல்லது."

அடுத்த நாளிலிருந்து ரகு மாமா குசினிக்குள் வந்தால், மற்றவர்கள் அரைவேக்காட்டுக் கறியோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பனி கொட்டத் தொடங்கியபோது ஊரிலிருந்து செய்தி வந்தது: தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கிருந்து போன கதையாலா, அவர்களாகவே தேடி வந்தார்களா, யாருக்கும் தெரியாது. அன்று அம்மா அடுப்பு மூட்டவில்லை. ரகு மாமா, பிரான்சுக்குப் போகிறேன் என்றார்.

வளர்ந்தபின் படித்தேன், தவாரிஷ் புரட்சிக்கும் மூத்த சொல்லாம். துருக்கி இன மொழிகளில் சரக்கைக் குறிக்கும் "தவார்" என்பதிலிருந்து பிறந்திருக்கலாம் என்கிறார்கள்; கள்வருக்குப் பயந்து, சரக்கோடு சேர்ந்து வழிபோன வணிகர்கள் ஒருவரையொருவர் அழைத்த சொல். புரட்சி பழைய "துரை", "சீமாட்டி" எல்லாவற்றையும் கழித்துவிட்டு, அந்த வழித்துணைச் சொல்லை எல்லாருக்கும் பொதுவாக்கியது. பிறகு அதே சொல்லால் கூப்பிட்டே ஆட்களை இழுத்துக்கொண்டும் போனது. எங்கள் பயணத்தில் சரக்கு நாங்களேதான். ஆனாலும் மொஸ்கோத் தரையில் தன் கம்பளிச் சட்டையை எனக்கு விரித்துவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தவர், அந்த வணிகர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான்.

ஹைம் நின்ற இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. தோழர் என்றால், "கெனோஸ தானே அம்மா, கட்சிக்காரர் சொல்லுறது?" என்கிறாள் என் மகள், ஜெர்மன் சொல்லை வைத்து. ஓம் என்கிறேன். ரகு என்பது இயக்கம் வைத்த பெயர். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது, ஆகவே எங்கே என்று தேடுவது? மிஞ்சியிருப்பது அவர் புறப்பட்ட அந்தக் காலைநேரம் மட்டும்.

அம்மா ரொட்டிப் பொட்டலத்தைத் தந்து என்னை அனுப்பினார். அப்பா யன்னலில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. ரகு மாமாவின் பையின் ஒரு காதை அவரும் மறு காதை நானுமாகத் தூக்கிக்கொண்டு ட்ராம் நிறுத்தம்வரை போனோம். அங்கே சிவா அண்ணையும் விடுதிக்காரர் சிலரும் பனிக்குள் கைகளைக் கோட்டுக்குள் விட்டபடி நின்றார்கள். ட்ராம் வந்தது. நான் மெல்ல, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "போயிட்டு வாங்கோ, தவாரிஷ்," என்றேன்.

அவர் படியில் ஏறி நின்று, சிவா அண்ணையை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்க, தமிழிலேயே சொன்னார்:

"போயிட்டு வாறன், தோழர்."