செல்வம் அனுப்பிய பாட்டு

கல்லூரியில் என்னோடு கிட்டார் வாசித்த செல்வம், பல வருடம் கழித்துத் தன் பாட்டொன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கேட்டதுமே அது கம்ப்யூட்டர் கிட்டார் என்று தெரிந்தது. "சாஃப்ட்வேர் வாசிக்குது, நீ எங்கடா?" என்று பதில் போட்டேன். அதன்பிறகு அவன் எதுவும் அனுப்பவில்லை.

தை மாதம் வலங்கைமானில் அவன் வீட்டுக்குப் போனேன். பைக் விபத்தில் அவன் இடதுகை விரல்கள் மடங்காமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"சொன்னா, பாவம் பாத்து நல்லாருக்குன்னு சொல்லியிருப்ப."

வலது கையால் சின்னக் கீபோர்டை அழுத்தினான். லேப்டாப்பிலிருந்து கிட்டார் எழுந்து, ஜன்னலைத் தாண்டி, விளைந்த வயல்மேல் மிதந்து போனது. நீண்ட சுரமொன்றில் கண்ணை மூடினான். வாசித்தது அவன்தான்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பேசாம கேளுடா."

வெயில் சாயும்வரை கேட்டேன். இப்போதெல்லாம் யார் பாட்டு அனுப்பினாலும், எதில் வாசித்தது என்று நான் பார்ப்பதில்லை.